கல்லைப் பிடித்த வேர்: தோட்டப்புற ஊரில் போன்சாய் வளர்த்து விற்க முழுமையான வழிகாட்டி

கல்லின் மேல் வேர் பிடித்து நிற்கும் போன்சாயை, அதாவது தட்டில் குட்டையாக வளர்த்த மரத்தை, வாங்க வருகிறவர் முதலில் இலையையும் கிளையையும்தான் பார்ப்பார். காசை எடுக்கும் முன் குனிந்து பார்ப்பது வேரை. கிளை சரியில்லை என்றால் வெட்டிவிட்டு இன்னொன்றை வளர்த்துக்கொள்ளலாம். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது சில மாத வேலை. கல்லோடு ஒட்டாமல் போன வேரை அப்படித் திருத்த முடியாது. முதல் ஆண்டில் மண்ணுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கும் வேலைதான் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ விலையாக வருகிறது. அதனால் கீழே வேருக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், கிளைக்குக் கொஞ்சம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது சுற்றிலும் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). ஈப்போ பக்கம் போனால் சுண்ணாம்புக் குன்றுகள், கிழக்கே தித்திவாங்சா மலையிலிருந்து கருங்கல்லை உருட்டிக்கொண்டு வரும் ஆறுகள். வீட்டுக்குப் பின்னால் நாலு பெஞ்சு போட இடமும், தினமும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளும் இருந்தால் போதும். பீடோர், குளுவாங், பெடோங் என்று எந்தத் தோட்டப்புற ஊருக்கும் முறை ஒன்றுதான், கல் மட்டும் மாறும்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கல்லையும் மரத்தையும் சேர்த்துச் செய்யும் போன்சாயில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் மரம் கல்லின் தலையில் உட்கார்ந்து, வேர்கள் கல்லைத் தழுவி இறங்கி, கீழே தட்டில் இருக்கும் மண்ணுக்குள் போகும். ஜப்பானில் இதைச் செகிஜோஜு என்கிறார்கள். மற்றதில் மரத்தின் வேர் கல்லிலேயே உள்ள குழியிலோ பிளவிலோ அடங்கிவிடும், கீழே தண்ணீரோ மணலோ மட்டும் இருக்கும். அது இஷிட்சுகி. இரண்டாவது பார்க்க அழகு, ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தக் கைப்பிடி மண் ஒரே மதியத்தில் காய்ந்துவிடும். வாங்கியவர் ஒரு வாரம் பாலிக் கம்போங் என்று சொந்த ஊருக்குப் போய்விட்டு வந்தால் மரம் இருக்காது, பழி நம் தலையில் விழும். விற்பதற்கு முதல் வகையைச் செய்யுங்கள். இங்கே சொல்வதும் அதைப் பற்றித்தான்.

எந்த மரம்

படங்களில் பார்க்கும் ஜப்பானியக் கல்வேர் மரங்களில் பல மேப்பிள் இனம். இலையுதிர்த்து உறங்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். பேராக் சமவெளியில் அதற்கு வழியில்லை.

நமக்கு முதல் மரம் கல் இச்சி. மலாயில் ஜெஜாவி, தாவரப் பெயர் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. இலை சிறியது, வேர் வேகமாகத் தடிக்கும், வேரோடு வேர் தொட்டால் ஒன்றாக இணைந்துவிடும், வெட்டுக்காயம் சீக்கிரம் மூடும். பழகுகிறவரின் தவறை இதைவிடப் பொறுத்துக்கொள்ளும் மரம் இல்லை. கல்லைப் பிடித்து ஏறுவது அதன் இயல்பும்கூட. பழைய லயத்துச் சுவரிலும் கோயில் மதில் விரிசலிலும் அத்தி இன மரங்கள் வேர் விட்டு நிற்பதை நாம் பார்க்காததா?

இரண்டாவது நீர் மல்லிகை. சீனர்கள் சுய்மெய் என்பார்கள். வெள்ளைப் பூ கீழ்நோக்கித் தொங்கும், வாசம் உண்டு. மலேசியாவில் இதற்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் வேர் தடிக்க இச்சியைவிட அதிக காலம் பிடிக்கும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் இலை வாடும். கெமுனிங், பராய் இரண்டும் நல்ல மரங்கள், ஆனால் மெதுவானவை. கையில் பழக்கம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரச மரத்தை நம்மவர்கள் சிலர் கேட்பார்கள், சிலர் தட்டில் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள், 'சாமி மரத்தை வெட்டிச் சின்னதாக்கலாமா' என்று. இலையும் பெரிது. கேட்டு வந்தவருக்கு மட்டும் செய்யுங்கள். ரப்பர் மரத்தைப் போன்சாய் ஆக்க முடியுமா என்று தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஆசையாகக் கேட்பதுண்டு. மூன்று மூன்றாக விரியும் அந்த நீளமான இலை தட்டளவுக்குக் குறையாது. நினைவுக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்கு ஆகாது.

சூப்பர்மார்க்கெட்டில் 'ஜின்செங்' என்று விற்கும் உருளை வேர் இச்சியும் வேண்டாம். கிழங்கு மாதிரி உப்பிப்போன அந்த வேர் கல்லின் மேல் வளைந்து உட்காராது.

கன்று எங்கே கிடைக்கும்

நர்சரியில் வாங்கலாம், குச்சி நட்டும் எடுக்கலாம். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவது ஒரு வழியும் உண்டு, நகரத்துக்காரர்களுக்கு அது எளிதில் கிடைக்காது.

வயதான செம்பனையின் தண்டை அண்ணாந்து பாருங்கள். வெட்டிய மட்டையின் அடிப்பாகங்கள் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்குகளில் மக்கு சேர்ந்து, பறவை போட்ட விதையிலிருந்து இச்சியும் வேறு சில அத்தி இனங்களும் முளைத்திருக்கும். மண்ணைத் தேடி அதன் வேர் தண்டின் மேலேயே நீளமாக இறங்கும். பையில் வளர்த்த கன்றில் ஆறு மாதம் பாடுபட்டு நாம் உண்டாக்க வேண்டிய நீள வேர் இங்கே தயாராக இருக்கிறது, வளைத்தால் வளையவும் செய்யும். இலை உங்கள் பெருவிரலைவிட அகலமாக இருந்தால் விட்டுவிடுங்கள், சிறிய தடித்த இலை உள்ளதை மட்டும் எடுங்கள்.

செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்ப்பதற்கு முந்தைய வாரங்கள்தான் நல்ல நேரம், ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லாமே துண்டாகிவிடும். தோட்ட நிர்வாகியிடமோ மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) அனுமதி கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். செம்பனைக் குலைத் திருட்டு நடக்கும் காலத்தில் பாராங் கத்தியும் சாக்குமாக மர நிரைக்குள் நடந்தால் யார் நம்புவார்கள்? மட்டைக் குவியலில் நாகம் படுத்திருக்கும். பூட்ஸ் இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

எடுக்கும்போது வேரை இழுக்கக் கூடாது. மட்டை அடியைச் சிறு உளியால் நெம்பிப் பெயர்த்து, வேரை முழு நீளத்துக்கு விடுவித்து, உடனே ஈரக் கோணியில் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் இலையில் பாதியைக் குறைத்துவிட்டு நிழலில் வையுங்கள்.

அரசாங்கக் காட்டில் இந்த வேலை வேண்டாம். வனப் பொருளை உரிமம் இல்லாமல் எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம், அது சின்னக் கன்றாக இருந்தாலும் சரி.

குழாயில் வேரை நீட்டுவது

குச்சியிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்ட முடியாது. நாலு அங்குல பிவிசி குழாயை முழங்கை நீளத்துக்கு அறுத்து, அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து கேபிள் டையால் கட்டுங்கள். பின்னால் அவிழ்க்கும்போது வேர் அறாமல் திறந்துகொள்ளும். மினரல் வாட்டர் பாட்டில்களின் அடியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாலும் நடக்கும், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

அடியில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவும் எரிமண்ணும் (சுட்ட மண்). மேலே முழுவதும் பருமனான ஆற்று மணல். மேலே சாப்பாடு இல்லாததால் வேர் கீழே ஓடும். பென்சில் பருமனுள்ள குச்சியை ஊன்றி, குழாயை நிழலில் நிறுத்துங்கள். தளிர் வந்த பிறகு வெயிலுக்கு மாற்றலாம். இச்சியாக இருந்தால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் வேர் அடியைத் தொட்டுவிடும். அடித்துளையில் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தால் தயார். ஒரே நேரத்தில் நிறையக் குழாய் போடுங்கள், செலவு பெரிதில்லை. நாலு பக்கமும் சமமாக வேர் விட்ட கன்று எல்லாக் குழாயிலும் கிடைக்காது, பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

கல்

கல்லைப் பற்றி ஒரே விதி: கடினமாக இருக்க வேண்டும், வழவழப்பாக இருக்கக் கூடாது. விரலால் சுரண்டினால் உதிரும் கல் இரண்டு மூன்று ஆண்டில் வேரின் அழுத்தத்தில் பிளக்கும். ஆற்றில் உருண்டு மழமழவென்று ஆன கூழாங்கல்லில் வேர் நிற்காது, வழுக்கி ஒரு பக்கமாகப் போய்விடும். மேலிருந்து கீழே இறங்கும் வாய்க்கால் போன்ற பள்ளங்கள் உள்ள கல்லைத் தேடுங்கள். பள்ளம் வேருக்கு வழி காட்டும், நிழலும் ஈரமும் கொடுக்கும்.

நம் பகுதியில் எளிதில் கிடைப்பது சுண்ணாம்புக் கல். சிம்பாங் பூலாய், கெராமாட் பூலாய் பக்கம் குவாரிகள் இருக்கின்றன, அலங்காரக் கல் விற்பவர்களிடம் மழை அரித்த துண்டுகள் கிடைக்கும். குழியும் குடைவுமாக அதற்கென்று ஓர் அழகு உண்டு. அது மண்ணைச் சற்றுக் காரத்தன்மை ஆக்கும். இச்சி கவலைப்படாது, ஏனென்றால் காட்டிலும் அது சுண்ணாம்புப் பாறையில் வளரும் மரம்தான். எந்தக் கல் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. கருங்கல் உறுதியானது, ஆனால் கனம் அதிகம், மதிய வெயிலில் நன்றாகச் சூடேறும். எரிமலைக் கல் இலேசானது, அஞ்சலில் அனுப்ப ஏற்றது, வேர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மலை போன்ற தோற்றம் அதில் வராது என்பது என் அபிப்பிராயம்.

கடற்கரைக் கல்லில் உப்பு இருக்கும், வேண்டாம். ஆற்றில் இருந்து லாரி வைத்து அள்ளுவதற்கு நில அலுவலகத்தின் பெர்மிட் தேவை, தேசிய நிலச் சட்டத்தில் கல்லும் மணலும் அடங்கும். கல் கடையில் காசு கொடுத்து ரசீது வாங்குவது நிம்மதி.

கல் தானாக நிற்க வேண்டும். ஆடினால் அடியைக் கிரைண்டரில் சமமாக்குங்கள், அல்லது சிமெண்டில் சிறு பீடம் போடுங்கள். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும், சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே மரத்தை அதில் வையுங்கள்.

பிறகு கல்லை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எது முகம், எது முதுகு என்று கல்லுக்குத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். முகத்தில் பென்சிலால் ஒரு குறி. கட்டுகிற அவசரத்தில் அது மறந்துபோகும்.

கட்டும் நாள்

இந்த ஒரு நாளைக்கு அவசரம் ஆகாது. முந்தின இரவே கல்லை வாளியில் ஊறப்போடுங்கள். நிழலான இடம், பக்கத்தில் தண்ணீர்த் தெளிப்பான், ஈரக் கோணி, மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். வேர் காற்றில் காயவே கூடாது. ஃபோன் வந்தால் கோணியைப் போட்டு மூடிவிட்டுப் பேசுங்கள்.

களிமண்ணும் சலித்த தேங்காய் நார்த்தூளும் சம பங்கு எடுத்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கல்லின் பள்ளங்களில் மட்டும் இதை மெல்லியதாகத் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் பின்னால் களி கரைந்து, வேருக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழும்.

குழாயைத் திறந்து, குறைந்த வேகத்தில் பைப் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள். சிக்கலைச் சீப்பால் வாராதீர்கள். வாளித் தண்ணீரில் ஆட்டினால் தானே பிரியும். நேரே கீழே போகும் ஆணிவேர் இருந்தால் அடியோடு ஒட்ட வெட்டுங்கள், அது இருந்தால் மரம் கல்லில் அமராது. மீதி வேர்களில் நல்லதாக ஐந்து, ஆறு, அதிகம் போனால் ஏழு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வைக்க மனம் சொல்லும். இச்சி வேர்கள் தடித்து இணையும்போது கல்லே மறைந்து, கடைசியில் ஒரு மரக்கட்டி மட்டும் மிஞ்சும்.

கைக்குழந்தை அம்மாவின் இடுப்பில் உட்காருவது மாதிரி மரம் கல்லின் மேல் உட்கார வேண்டும், கால் இருபக்கமும் தொங்க, இடையில் வெளிச்சம் தெரியாமல். தண்டின் அடிக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழைந்தால் எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைக்கு உள்ள இடைவெளி எத்தனை வருடம் போனாலும் இருக்கும். வேர் தடித்தால் இடைவெளிதான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

வேர்களைப் பள்ளங்களில் ஒவ்வொன்றாகப் படிய வையுங்கள். போக்கு எப்போதும் கீழ்நோக்கி. முகத்துக்குக் குறுக்கே, கல்லைச் சுற்றி வளையம் போடும் வேர் ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நுனிகள் கல்லின் அடியையும் தாண்டி நீள வேண்டும். பாதிக் கல்லோடு நின்றுவிட்ட வேர் சில மாதத்தில் கீழே போய்விடும் என்றாலும், இறங்கும் பாதை நம் கையில் இருக்காது.

இனி கட்டு. ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு மெல்லியது, மக்காது, தடிக்கும் வேரை அறுத்து வடு போடும். பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தொடங்கி, ஒரு சுற்று இழுத்து, அடுத்த சுற்றில் பாதி மேலேறுமாறு கீழே வரை சுற்றுங்கள். அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினால் பிடி இறுகும். துணி நம் ஈர மண்ணில் சில மாதத்தில் மக்கிவிடும், டியூபை நாமே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று. அடியை மட்டும் திறந்து விடுங்கள். பக்கவாட்டில் புது வேர் கிளைக்க வழியில்லாமல், இருக்கும் வேர் கீழே ஓடித் தடிக்கும்.

கையால் மரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கல்லும் சேர்ந்து வந்தால் கட்டு சரி.

புதைப்பதும் காத்திருப்பதும்

செம்பனை நாற்றங்காலில் பயன்படும் பெரிய கறுப்புப் பாலிபேக், 38க்கு 45 சென்டிமீட்டர் அளவு, இதற்கென்றே செய்தது போல இருக்கும். அடியில் எருக் கலவை, அதன் மேல் கல், சுற்றிலும் மணலும் எரிமண்ணும். தண்டின் அடி வரை மூட வேண்டும். இரண்டு வாரம் நிழல், பிறகு முழு வெயில்.

இந்தக் காலத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள். மேலே எவ்வளவு இலை இருக்கிறதோ அவ்வளவு சாப்பாடு கீழே போகும், வேரும் அவ்வளவு தடிக்கும். மரம் தலைவிரி கோலமாக ஆளுயரம் போனாலும் போகட்டும். உரம், தோட்டத்தில் எல்லாரும் அறிந்த பச்சை என்பிகே, 15-15-15, மாதம் ஒரு தேக்கரண்டி. கோழி எரு உருண்டை போட்டால் இரண்டையும் ஒரே வாரத்தில் போடாதீர்கள்.

இங்கே குளிர்காலம் இல்லாததால் மரம் ஆண்டு முழுக்க வளரும். ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் இன்னொரு மழை, இரண்டிலும் வேர் நன்றாக ஓடும். பிப்ரவரி வெயிலிலும் ஜூன், ஜூலை வறட்சியிலும் பாலிபேக் சீக்கிரம் காயும், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படலாம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். புதியவர்களுக்கு இதைவிடச் சிரமமான படி கிடையாது.

வேரைத் திறப்பது

ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுக்காதீர்கள். மண்ணுக்குள் இருந்த வேரின் தோல் மென்மையானது. பாலிபேக்கின் வாயை மூன்று சென்டிமீட்டர் மடித்து, அந்த அளவு மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு மூன்று. வெளியே வந்த பகுதி பழுப்பாகிப் பட்டை கட்டும், அங்கிருந்த மயிர்வேர்கள் காயும், அவற்றைக் கத்தரித்துவிடலாம். டியூபும் பிளாஸ்டிக் தாளும் வெளியே தெரியத் தெரிய வெட்டி எடுங்கள்.

திறந்த முதல் வாரங்களில் மேலே 50 விழுக்காடு நிழல் வலை கட்டுங்கள். கல் சூடாகி வேரைச் சுடும். எங்காவது வேர் கல்லை விட்டு விலகி நின்றால் வருத்தப்படாமல் மறுபடி துணி சுற்றி மறுபடி புதைத்துவிடுங்கள். ஆறு மாதம் கூடும், அவ்வளவுதான். சூப்பர் குளூ போட்டு ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கத் தெரிந்தவர் வேரை நகத்தால் மெல்ல நெம்பிப் பார்ப்பார், அங்கேயே உங்கள் பெயர் போய்விடும்.

மேல் பாகம், தட்டு

வேர் பாதிக்கு மேல் திறந்த பிறகு தண்டை வெட்டிக் கிளைகளுக்கு உருவம் கொடுக்கலாம். பால் வடியும், ஈரத் துணியால் ஒற்றினால் நின்றுவிடும். கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றினால் வாரம் ஒரு முறை பாருங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்குள் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். இலை முழுதையும் உதிர்த்துச் சின்ன இலை வரவைப்பது விற்பனைக்கு முன்னால் செய்யும் ஒப்பனை, வலுவான மரத்துக்கு மட்டும்.

தட்டு ஆழம் குறைவாக, கல்லைவிடச் சற்று அகலமாக இருந்தால் போதும். கல்லைத் தட்டின் துளை வழியாகக் கம்பி விட்டுக் கட்டாவிட்டால் தூக்கும்போது கவிழும். சீனாவில் இருந்து வரும் சுட்ட தட்டுகள் ஈப்போவிலேயே கிடைக்கும். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பொங்கல் பானையும் அகல்விளக்கும் செய்யும் நம் குயவர்களிடம் மெருகில்லாத மண் தட்டு சொல்லிச் செய்யலாம். சீக்கிரம் காயும், ஆனால் பயிற்சிக் காலத்துக்கு நல்லது.

பூச்சியும் கொசுவும்

இச்சியின் இளம் இலை இரண்டாக மடிந்து செம்புள்ளி விழுந்தால் உள்ளே இலைப்பேன் இருக்கிறது. மருந்து மடிப்புக்குள் எளிதில் போகாது. அந்த இலைகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், பிறகு வெள்ளை எண்ணெயோ வேப்பெண்ணெயோ மாலையில் தெளியுங்கள். எறும்பு வரிசை கட்டினால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ எங்கோ இருக்கிறது என்று பொருள்.

தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் ஜெந்திக் (கொசுப் புழு) கண்டால் 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடுவார்கள். நர்சரி வைத்திருப்பவர் வீட்டுக்கு வராமலா இருப்பார்கள்? ஊற வைக்கும் வாளிகளை மூடுங்கள், மூட முடியாததில் அபேட் என்னும் கொசுப் புழு மருந்து போடுங்கள்.

விற்பனை

முடிந்த மரத்தை மட்டும் விற்பேன் என்று உட்கார்ந்தால் மூன்று நான்கு ஆண்டு வருமானம் இல்லை. இந்தத் தொழில் நிற்பது மூன்று கட்டமாக விற்பதில்தான்.

முதல் கட்டம், நீள வேர் கன்று. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் வாங்கித் தாங்களே கல்லில் கட்டுவார்கள். குழாயோடு கொடுங்கள், ஒரு கல்லும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆறு மாதத்தில் கைக்குக் காசு. இரண்டாம் கட்டம், கல்லைப் பிடித்து வேர் பாதி திறந்த, கிளைக்கு இன்னும் உருவம் கொடுக்காத மரம். இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்கள், பல்லினத்தவர். பேரம் பேசுவார்கள், ஆனால் திரும்பி வருவார்கள். மூன்றாம் கட்டம் தட்டேறிய மரம். நல்ல வேர் அமைந்த சிலவற்றை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள், மீதியை இரண்டாம் கட்டத்திலேயே விற்றுவிடுங்கள்.

விலை போடும்போது ஒரு கணக்கு. கன்று 8 வெள்ளி (ரிங்கிட்), கல் 15, மண்ணும் கட்டும் 7 என்று வைத்தால் 30. தண்ணீர், உரம், மருந்து மாதம் 2 வெள்ளி என்றால் மூன்று ஆண்டுக்கு 72. ஆக 102. பத்தில் இரண்டு மரம் செத்தால் பிழைத்த எட்டும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும், அப்போது ஒன்றுக்கு 127.50. தட்டு 45 சேர்த்தால் 172.50. இதில் உங்கள் உழைப்புக்கு இன்னும் ஒரு சென்கூடப் போடவில்லை. 150 வெள்ளிக்குக் கேட்கிறவரிடம் ஏன் சிரித்துக்கொண்டே மறுக்க வேண்டும் என்று இப்போது தெரியும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

எங்கே விற்பது? பசார் மாலாமில் (இரவுச் சந்தை) முதல் கட்டக் கன்று போகும், பெரிய மரம் போகாது. அங்கே வருகிறவர் கையில் அப்பமும் தெ தாரேக்கும் இருக்கும், பத்து கிலோ கல்லைத் தூக்க மாட்டார். பெரிய மரத்துக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டிக்டாக் நேரலை. படம் எடுக்கும்போது பின்னால் ஒரு சாதாரணத் துணி, மரத்தின் பக்கத்தில் ஒரு பானக் கேன். அளவு தெரியாமல் வாங்கி ஏமாந்தோம் என்ற பேச்சு வராது. நாலு பக்கப் படமும் வேரின் கிட்டப் படமும் போடுங்கள். மொத்தமாக எடுப்பவர்கள் வேண்டும் என்றால் சுங்கை பூலோ நர்சரி வரிசைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். விலை குறைத்துத்தான் கேட்பார்கள், ஆனால் பத்து மரம் ஒரே நேரத்தில் நகரும். செர்டாங்கில் நடக்கும் மாஹா விவசாயக் கண்காட்சி மக்கள் ரசனையைத் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய ஆறு வாரம்தான் உச்சம். அதற்குள் மரம் தட்டேறிக் குறைந்தது இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், அதனால் தட்டு மாற்றும் வேலையை அக்டோபர், நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். தீபாவளிக்கு நம்மவர்கள் பெரும்பாலும் பரிசாக வாங்குவார்கள், சிறிய மரம், கைக்கடக்கமான விலை. நீர் மல்லிகை பூத்திருந்தால் பேச்சே வேண்டாம்.

தொழிலாகச் செய்தால் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. வெளிநாட்டுக்கு அனுப்ப விவசாய இலாகாவின் தாவர நலச் சான்றிதழ் தேவை. சபா, சரவாக் மாநிலங்களுக்கும் தனித் தாவரக் கட்டுப்பாடு உண்டு, கேட்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள்.

அஞ்சலில் அனுப்பும் மரத்துக்கு எரிமலைக் கல்லே நல்லது, எடைக்குத்தான் காசு. மண்ணின் மேல் ஈரப் பாசி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, தட்டைப் பெட்டியின் அடியோடு கம்பியால் கட்டுங்கள். பெட்டிக்குள் கல் நகர்ந்தால் முதலில் போவது வேர்தான். வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக் கிடங்கில் மரம் வேகாது. கனமான கருங்கல் மரங்களை நேரில் வந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஈப்போ, தைப்பிங் வரை நீங்களே வண்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கையில் கொடுக்கும்போது மலாயிலும் தமிழிலும் ஒரு சின்னச் சீட்டு: வெயில் எவ்வளவு, தண்ணீர் எப்போது, உரம் எது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தட்டு மாற்றிக் கொடுக்கக் கட்டணம் இவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். விற்ற மரம் திரும்பத் திரும்ப வேலை கொண்டுவரும், வந்தவர் பெஞ்சில் இருக்கும் அடுத்த மரத்தையும் பார்ப்பார்.